வரப்புத் தகராறுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பக்கத்து நிலத்துக்காரர் உழும்போதெல்லாம் வரப்பு எங்கள் பக்கம் ஒதுங்கி வருகிறது. மூலையில் எல்லையைக் காட்ட நட்டிருந்த அத்துக்கல்லையும் காணோம். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாமா?

பதில்: எல்லையை அளந்து சொல்வது காவல் துறையின் வேலை அன்று. புகார் முதலில் போய்விட்டால், பிறகு சர்வேயர் வந்து அளந்து காட்டினாலும் அதை ஏற்கும் மனம் எதிர்த்தரப்பில் இருக்காது. முதலில் உங்கள் புல எண்ணுக்குரிய புலப்படத்தை, அதாவது நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் அரசு வரைபடத்தைப் பெற்று, அதிலுள்ள அளவுகளைப் பாருங்கள். பிறகு, நில அளவைக்கு விண்ணப்பிக்கப் போவதைப் பக்கத்து நிலத்துக்காரரிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். அறிவிப்பு வந்த பிறகே அவர் அறிவது வேறு, உங்கள் வாயால் கேட்பது வேறு. அறுவடை முடிந்து அடுத்த உழவு தொடங்காத நாள்களில் அளந்தால் பயிர் மிதிபட்டது என்ற புதிய மனத்தாங்கலுக்கும் இடமிராது. 1923ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டப்படி அளவைக் கற்களைப் பேணும் பொறுப்பு நிலவுடைமையாளருக்கே உரியது. எனவே காணாமற்போன கல்லை இருவருமாகச் செலவைப் பகிர்ந்து, சர்வேயர் முன்னிலையில் மீண்டும் நடச் செய்வதே முறை.

கேள்வி: இருபத்தைந்து ஆண்டுகளாக நாங்கள் வண்டி ஓட்டிய பாதையை, நிலத்தைப் புதிதாக வாங்கியவர் கம்பி வேலி போட்டு அடைத்துவிட்டார். எங்களுக்கு உரிமை உண்டா?

பதில்: பிறர் நிலத்தைப் பாதை போன்ற தேவைக்குப் பயன்படுத்தும் உரிமையே வசதியுரிமை. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, இருபது ஆண்டுகள் வெளிப்படையாகவும் அமைதியாகவும் இடையறாமலும் உரிமையோடு பயன்படுத்திய பாதைக்குப் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் பழைய உரிமையாளரின் அனுமதியின் பேரில்தான் சென்று வந்தீர்கள் என்றால், எத்தனை ஆண்டுகள் ஆனாலும் அது உரிமையாகாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த இருபதாண்டுப் பயன்பாடு, வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்ததாக இருக்க வேண்டும். ஆகவே பேச்சுவார்த்தை நடக்கட்டும், ஆனால் அதை ஆண்டுக்கணக்கில் இழுக்க விடாதீர்கள். புதிதாக வந்தவருக்கு ஊர் வழக்கம் தெரியாதிருக்கலாம் என்பதால், விற்றவரையே உடன் அழைத்துச் சென்று பேசுவது பெரும்பாலும் பயன் தரும்.

கேள்வி: பத்திரத்தில் உள்ள பரப்பைவிடப் பட்டாவில் குறைவாக இருக்கிறது. எது செல்லும்?

பதில்: பட்டா வருவாய்த் துறைப் பதிவு மட்டுமே, அதுவே நிலத்தின் உரிமையைத் தரும் ஆவணம் ஆகாது. பத்திரத்தின் நான்கெல்லை விவரம் தெளிவாக இருக்குமானால், பரப்பளவைவிட எல்லைகளுக்கே நீதிமன்றங்கள் பொதுவாக முதன்மை தருகின்றன.

கேள்வி: எல்லை வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. இப்போது இருவருமே சமாதானமாகப் போக விரும்புகிறோம். என்ன செய்வது?

பதில்: மிகவும் மகிழ்ச்சி. வழக்கை, சமரசத்தால் தீர்க்கும் மக்கள் நீதிமன்றத்துக்கு (லோக் அதாலத்) அனுப்புமாறு இருவரும் சேர்ந்தே கேளுங்கள். அங்கு உடன்பாட்டின் பேரில் பிறப்பிக்கப்படும் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது. அதற்கு மேல்முறையீடு கிடையாது. செலுத்திய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஒத்துக்கொண்ட எல்லையை அளவுகளோடு வரைந்து உடன்பாட்டில் இணையுங்கள். ஒருவர் நிலத்தில் ஒரு துண்டை மற்றவர் நிலத்தோடு மாற்றிக்கொள்வதாக இருந்தால், பரிவர்த்தனைப் பத்திரம் தேவைப்படுமா என்பதை வழக்கறிஞரிடம் அப்போதே கேட்டு, பட்டா உட்பிரிவுக்கும் உடனே விண்ணப்பித்துவிடுங்கள்.