கண்குழிக் கட்டிக்கு இரண்டு பெயர்கள் ஏன்?

கேள்வி: எனக்கு வயது 44. இரண்டு ஆண்டுகளாக இடது கண் வலியில்லாமல் மெல்ல முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'இரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கலாம்' என்று இருந்தது. அறுவை சிகிச்சையில் கட்டியை எடுத்த பிறகு ஓர் ஆய்வகம் 'ஹெமாஞ்சியோபெரிசைட்டோமா' என்றும், மற்றோர் ஆய்வகம் 'சாலிட்டரி ஃபைப்ரஸ் டியூமர்' என்றும் எழுதியுள்ளன. இப்போது 'ஸ்டாட்6' என்ற சோதனையும் வேண்டுமாம். யாரை நம்புவது? இது புற்றுநோயா?

பதில்: உங்கள் கலக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த இரண்டு அறிக்கைகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. பெரும்பாலும் அவை ஒரே கட்டியின் பழைய பெயரும் புதிய பெயரும்தான். ஹெமாஞ்சியோபெரிசைட்டோமா என்ற பெயர் 1942 இல் வந்தது. கிளைவிட்டுப் பிரியும் மெல்லிய இரத்தக்குழாய்களைச் சுற்றிச் செல்கள் நெருங்கிக் கிடக்கும் தோற்றத்தை வைத்துச் சூட்டிய பெயர் அது. அதே தோற்றம் வேறு பல கட்டிகளிலும் தென்படுவதால், நாளடைவில் அந்தப் பெயருக்குள் பலவகைக் கட்டிகள் வந்து சேர்ந்துவிட்டன. 2013 இல், சாலிட்டரி ஃபைப்ரஸ் டியூமர் என்று அழைக்கப்பட்ட கட்டிகளில், 12ஆம் குரோமோசோமில் அருகருகே உள்ள நாப்2, ஸ்டாட்6 என்னும் இரண்டு மரபணுக்கள் ஒன்றோடொன்று இணைந்துவிடுவது கண்டறியப்பட்டது. ஹெமாஞ்சியோபெரிசைட்டோமா என்று முன்பு பெயரிடப்பட்ட கட்டிகளில் பலவற்றிலும் இதே இணைவு இருந்ததால், இரண்டும் ஒரே குடும்பம் என்பது உறுதியாயிற்று.

உங்களிடம் கேட்கப்படும் சோதனை இதைச் சார்ந்ததுதான். மரபணுக்கள் இணைந்துவிட்டால் ஸ்டாட்6 புரதம் செல்லின் உட்கருவுக்குள் திரளும். சாயமேற்றிப் பார்த்தால் உட்கருக்கள் பழுப்பு நிறத்தில் தெளிவாகத் தெரியும். முன்பு சிடி34 என்ற சாயத்தையே பெரிதும் நம்பியிருந்தோம். ஆனால் அது வேறு பல மென்திசுக் கட்டிகளிலும் இரத்தக்குழாய்களிலும் படியக்கூடியது என்பதால் தனித்து நின்று முடிவு சொல்லாது. இந்தச் சோதனைக்காக உங்களுக்கு மறுபடி அறுவை சிகிச்சை தேவையில்லை. அகற்றிய திசு மெழுகுக் கட்டையில் பதித்து ஆய்வகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கும். 'பிளாக்' என்று கேட்டால் கொடுப்பார்கள். அதிலிருந்து சீவி எடுக்கும் மெல்லிய படலமே போதும். அந்தக் கட்டையைத் தொலைத்துவிடாதீர்கள். ஆண்டுகள் கழித்தும் அது பயன்படலாம்.

எம்.ஆர்.ஐ. பார்த்தவரையும் குறை சொல்ல மாட்டேன். கண்குழி ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளளவே உள்ள சிறிய இடம். அதற்குள் மெல்ல வளரும் கட்டிகள் பலவும் வழவழப்பான விளிம்போடு ஒரே மாதிரிதான் தெரியும். இரத்தக்குழாய்க் கட்டி எனப்படும் கேவர்னஸ் கட்டியில் சாய மருந்து மெல்ல மெல்ல நிரம்புவதும், ஃபைப்ரஸ் டியூமரில் அது சட்டென ஏறுவதும் ஒரு தடயம். நரம்புறையில் தோன்றும் ஷ்வானோமாவும் இவற்றைப் போலவே தோன்றக்கூடும். படத்திலிருந்து ஊகிக்கலாம், உறுதி செய்ய முடியாது. ஆகவேதான் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டியிருக்கிறது. ஒன்றை மட்டும் இங்கே வலியுறுத்துகிறேன்: ஒரு குழந்தையின் கண் சில நாட்களிலோ வாரங்களிலோ விரைவாக முன்தள்ளினால், அது ராப்டோமயோசார்கோமா என்ற வேகமாக வளரும் புற்றுநோயாக இருக்கக்கூடும் என்ற எண்ணத்தோடு உடனே பரிசோதிக்க வேண்டும், அங்கே காத்திருக்கும் அவகாசம் கிடையாது.

இது புற்றுநோயா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் தர இயலாது. கண்குழியில் தோன்றும் இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவாகவே நடந்துகொள்கின்றன. சில திரும்ப வளர்கின்றன, மிகச் சில வேறிடங்களுக்குப் பரவுகின்றன. எது எப்படி நடக்கும் என்பதைக் கட்டியின் பெயர் சொல்லிவிடாது. அறிக்கையில் நீங்கள் தேட வேண்டியவை வேறு: செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன, திசு அழிந்த பகுதிகள் உண்டா, கட்டியின் உறை கிழியாமல் முழுதாக வெளிவந்ததா. உயர்திறன் நுண்ணோக்கியின் 10 புலங்களில் (ஒரு புலம் என்பது ஒரே பார்வையில் தெரியும் வட்டப் பரப்பு) 4க்கு மேல் செல்பிரிவு இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. என் கருத்தில், உங்கள் விஷயத்தில் முதலில் கேட்க வேண்டியது கடைசிக் கேள்வியைத்தான். கண்ணுக்குப் பின்னால் பார்வை நரம்பும் தசைகளும் நெருக்கமாக இருப்பதால் கட்டியைத் துண்டுதுண்டாக எடுக்க நேர்ந்திருக்கலாம். எச்சம் இருந்தால் அது பின்னர் வளரக்கூடும். அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகலை வாங்கிக்கொண்டு, இதை உங்கள் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

இந்தக் கட்டி 10 ஆண்டுகளுக்குப் பின்னும் தலைகாட்டியது உண்டு. ஆகவே இரண்டு, மூன்று ஆண்டுகள் நன்றாக இருந்துவிட்டோம் என்று பரிசோதனையை நிறுத்தாதீர்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் எடுக்கும் முதல் எம்.ஆர்.ஐ. படத்தைப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்தடுத்து எடுப்பவற்றை அதனோடு ஒப்பிடச் சொல்லுங்கள். இடையில் பொருட்கள் இரண்டாகத் தெரிந்தாலோ, நிறங்கள் மங்கினாலோ, கண் மறுபடி முன்தள்ளினாலோ, குறித்த தேதிக்குக் காத்திராமல் கண்குழி அறுவை நிபுணரைச் சென்று பாருங்கள்.