சோதனைச் சிகரெட்டுகளை ஆய்வகத்தில் எப்படி உருவாக்கிச் சோதிக்கிறார்கள்? அந்த எண்களை நம்பலாமா?

சிகரெட் நிறுவனங்கள் ஒரு புதிய வடிவமைப்பை எப்படி உருவாக்கிச் சோதிக்கின்றன, அந்தச் சோதனையில் வரும் எண்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். புகைப் பகுப்பாய்வு செய்யும் ஓர் ஆய்வகத்தில் வேதியியலாளராகச் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். இயந்திரம் இழுத்த புகையைப் பொறுத்தவரை அந்த எண்கள் பெரும்பாலும் சரியானவை. மனிதர் இழுக்கும் புகைக்கும் அவற்றுக்கும் உள்ள உறவுதான் எப்போதும் சிக்கல்.

வடிவமைப்பிலிருந்து தொடங்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் புகையிலையைத் தாளில் சுருட்டி முனையில் ஃபில்டர் ஒட்டியதுபோல் தெரியும் இந்தப் பொருளில், ஒன்றை மாற்றினால் மற்றவை அனைத்தும் மாறிவிடும். புகையிலைக் கலவை, நறுக்கிய இழையின் அகலம், எவ்வளவு இறுக்கமாக அடைக்கப்பட்டிருக்கிறது என்பது, தாளின் காற்றுப் புகுதிறன், தாளில் சேர்க்கும் சிட்ரேட் உப்பு, ஃபில்டரின் நீளமும் இழையும், ஃபில்டரைச் சுற்றிய தாளில் வரிசையாக இடும் நுண்துளைகள் என்று வடிவமைப்பாளரின் கையில் பல திருகுகள் உள்ளன. காற்று அதிகம் புகும் தாளைப் போட்டால், ஒவ்வோர் இழுப்பிலும் தணலின் வழியாக வருவதற்குப் பதிலாகத் தாளின் வழியாக வெறும் காற்று கொஞ்சம் வந்துவிடும். இழுப்புகளுக்கு இடையே சிகரெட் தானாகவே வேகமாகவும் எரிந்துபோகும். விளைவாக இழுப்புகளின் எண்ணிக்கை குறைகிறது, அறிக்கையில் தாரின் (புகையில் படியும் பிசின்போன்ற எச்சத்தின்) அளவும் இறங்குகிறது, ஆனால் புகையின் தன்மையில் பெரிய மாற்றம் எதுவும் நடந்திருக்காது. புகையிலையை உப்பச் செய்து, குறைந்த எடையில் அதே கனஅளவை நிரப்பும் முறையும் இந்த வகையைச் சேர்ந்ததே. இத்தகைய மாற்றங்களைப் 'புதிய வடிவமைப்பு' என்று எழுதிக்கொள்ள யாருக்கும் தடையில்லை.

முன்மாதிரி தயாரானதும் அது சோதனைக்கு வருகிறது. சிகரெட்டுகளை 22 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 60 சதவீத ஈரப்பதத்திலும் குறைந்தது 48 மணி நேரம் வைத்திருந்து பதப்படுத்துவார்கள். ஈரம் சற்று மாறினாலும் எரியும் வேகம் மாறிவிடும் என்பதால் இதில் சலுகை கிடையாது. பின் எடை, இழுவைத் தடை ஆகியவற்றைப் பார்த்துப் பொறுக்கி, புகைக்கும் இயந்திரத்தில் பொருத்துவார்கள். சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. முறைப்படி நிமிடத்துக்கு ஒரு முறை, 2 வினாடி நீளும் 35 மில்லிலிட்டர் இழுப்பு. சிகரெட்டைச் சுற்றி ஓடும் காற்றின் வேகம்கூட வினாடிக்கு ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் என்று கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். புகை 44 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடியிழை வட்டொன்றின் வழியாகச் செல்லும். பொருத்தும்போது சுண்ணாம்பு வெள்ளையாக இருந்த வட்டு, சில சிகரெட்டுகள் எரிந்து முடிந்தபின் நடுவில் அடர்ந்தும் ஓரத்தில் வெளிறியும் தேன் நிறத்துக்கு மாறியிருக்கும். அதைத் தாங்கியோடு எடை போட்டு, ஆல்கஹாலில் கரைத்து, கலவையின் கூறுகளைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் வாயு வண்ணப்பிரிகை மூலம் நிக்கோட்டினையும் நீரையும் அளந்து, மொத்த எடையிலிருந்து அவ்விரண்டையும் கழிப்பார்கள். மிஞ்சுவதற்குத்தான் தார் என்று பெயர். அது ஒரு பொருளே அல்ல, ஒரு கழித்தல் கணக்கின் விடை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். வட்டைக் கடந்து பையில் சேரும் வாயுவில் கார்பன் மோனாக்சைடை அகச்சிவப்புக் கருவியால் அளப்பார்கள். இயந்திரம் ஒழுங்காக இருக்கிறதா என்று சரிபார்க்க, கென்டக்கி பல்கலைக்கழகம் ஆய்வுக்கென்றே வழங்கும் ஒப்பீட்டுச் சிகரெட்டுகளையும் உடன் எரிப்பார்கள்.

இந்த நடைமுறையில் அளவீட்டுத் துல்லியத்தைக் குறைசொல்ல எனக்கு எதுவுமில்லை. ஆனால் இயந்திரத்தின் பிடிப்பான் சிகரெட்டின் கடைசி சில மில்லிமீட்டர்களை மட்டுமே கவ்வுகிறது. ஃபில்டரின் நுண்துளைகள் வெளியே திறந்தே இருப்பதால், அவற்றின் வழியே வரும் காற்று புகையை நீர்க்கச் செய்யும். மனிதர்களின் உதடும் விரலும் அதே துளைகளின் மேல்தான் படிகின்றன. புகைப்பவர்கள் இப்படித் துளைகளை மூடிவிடுவதை லின் கோஸ்லோவ்ஸ்கி என்ற ஆய்வாளர் 1980 வாக்கிலேயே எழுதிவிட்டார். போதாததற்கு, நிக்கோட்டினுக்குப் பழகிய உடல், புகை நீர்த்துப்போனால் இழுப்பை ஆழமாக்கியும் அடிக்கடி இழுத்தும் தனக்கு வேண்டிய அளவை எடுத்துக்கொள்கிறது. 'லைட்' சிகரெட்டுகள் உண்மையில் இயந்திரத்துக்கு மட்டுமே லைட்டாக இருந்தன. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2001-இல் இதை விரிவான அறிக்கையாகவே வெளியிட்டது. அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1967 முதல் பின்பற்றிவந்த அளவீட்டு முறைக்கான ஆதரவை 2008-இல் விலக்கிக்கொண்டது. துளைகளை முழுவதும் அடைத்து, 30 வினாடிக்கு ஒரு முறை 55 மில்லிலிட்டர் இழுக்கும் கனடா முறை இதற்கு மாற்றாக வந்ததுதான். அது முந்தையதைவிடக் கடுமையானது, ஆனால் அதுவும் இயந்திரமே.

சோதனைச் சிகரெட் என்றதும் இத்துறையில் இருப்பவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனத்தின் 'பிரீமியர்'. புகையிலையை எரிக்காமல் சூடாக்கினால் எரிவதால் பிறக்கும் நச்சுகள் பெருமளவு குறையும் என்பது அதன் அடிப்படை. முனையில் கரித்துண்டு ஒன்று. அதைச் சுற்றிக் கண்ணாடியிழைக் காப்பு. அதன் பின்னால் அலுமினியக் குப்பி. குப்பிக்குள் கிளிசரினும் புகையிலைச் சாறும் மணமூட்டிகளும் ஏற்றிய அலுமினா மணிகள். கரியைப் பற்றவைத்து இழுத்தால் சூடான காற்று மணிகளின் வழியே சென்று கிளிசரினை ஆவியாக்கிப் புகைபோன்ற ஒரு மூட்டத்தை வாய்க்குத் தரும். சாம்பல் இல்லை, நீளம் குறைவதும் இல்லை. வேதியியல், உயிரியல் சோதனை முடிவுகளை 1988-இல் தடிமனான நூலாகவே நிறுவனம் வெளியிட்டது. பொறியியல் என்ற அளவில் அது இன்றும் வியக்கத்தக்க வேலை. அதே ஆண்டு அக்டோபரில் ஃபீனிக்ஸ், டூசான், செயின்ட் லூயிஸ் நகரங்களில் சோதனை விற்பனை தொடங்கியது. 1989-இன் தொடக்கத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. இழுக்கவே சிரமமாக இருந்தது, மணமும் சுவையும் பிடிக்கவில்லை, தீக்குச்சியில் பற்றவைத்தால் கந்தகத்தோடு சேர்ந்து சகிக்க முடியாத நாற்றம் வந்தது என்றெல்லாம் புகார்கள் குவிந்தன. முப்பது கோடி டாலர் அளவுக்குச் செலவானதாக அப்போது பேசப்பட்டது. மறுபுறம், இது சிகரெட் அல்ல, நிக்கோட்டின் செலுத்தும் கருவி, ஆகவே மருந்தாகக் கருதி ஒழுங்குபடுத்த வேண்டும் என்று மருத்துவ அமைப்புகள் அரசிடம் முறையிட்டிருந்தன. 1990-களில் இதே கருத்தைச் சற்று மாற்றி 'எக்லிப்ஸ்' என்று அந்நிறுவனம் மீண்டும் கொண்டுவந்தது. இரண்டிலும் கரி எரிந்துகொண்டே இருப்பதால், கார்பன் மோனாக்சைடு வழக்கமான சிகரெட்டுக்குக் குறையவில்லை.

முன்பு சொன்ன கழித்தல் கணக்கு இங்கேதான் வேலை செய்கிறது. சால்மோனெல்லா பாக்டீரியாவில் மரபணு மாற்றத்தைக் கணிக்கும் ஏம்ஸ் சோதனை, உயிரணு நச்சுச் சோதனை போன்றவற்றின் முடிவுகளைப் பெரும்பாலும் 'ஒரு மில்லிகிராம் தாருக்கு' என்று கணக்கிடுவார்கள். சூடாக்கும் வகையில் அந்த மில்லிகிராமின் பெரும்பகுதி கிளிசரின். தீங்கற்ற ஒன்றால் வகுத்தால் விடை தானாகவே சிறிதாகும். ஒரு சிகரெட்டுக்கு, ஒரு மில்லிகிராம் நிக்கோட்டினுக்கு என்று அதே தரவை மாற்றி எழுதினால், முன்னேற்றம் பல நேரங்களில் இருக்கவே செய்யும், ஆனால் வரைபடத்தில் தெரிந்த உயரத்துக்கு இருக்காது. இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். எந்த வகுப்பானைத் தேர்ந்தார்கள் என்பதை அறிக்கையின் அடிக்குறிப்பில் மறைத்துவைப்பதை மட்டும் என்னால் ஏற்க முடிந்ததில்லை.

சோதனையில் தேறியும் வெளிவராத வடிவமைப்பும் உண்டு. லிகெட் என்ற அமெரிக்கச் சிகரெட் நிறுவனம் புகையிலையில் பல்லேடியம் என்ற உலோகத்தைச் சேர்த்து உருவாக்கிய சிகரெட்டின் தார், எலித்தோலில் தடவிப் பார்த்தபோது குறைவான கட்டிகளையே உண்டாக்கியது. அது விற்பனைக்கு வரவே இல்லை. அந்த ஆய்வை நடத்திய ஜேம்ஸ் மோல்ட், நுரையீரல் புற்றுநோயால் இறந்த ஒரு பெண்ணின் குடும்பம் சிகரெட் நிறுவனங்கள்மேல் நியூ ஜெர்சியில் நடத்திய சிப்போலோனே வழக்கில் 1988-இல் சாட்சி சொன்னபோது, நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் திட்டத்தில் எவ்வளவு தலையிட்டார்கள் என்பது வெளிவந்தது. 'இது பாதுகாப்பானது' என்று ஒன்றைக் காட்டி விற்றால் மற்றதெல்லாம் ஆபத்தானது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா?

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இயந்திரச் சோதனை பொருத்தமாக அமைந்த இடமும் இருக்கிறது. கவனிப்பாரின்றிக் கிடந்தால் தானாக அணையும்படி, தாளில் காற்றுப் புகாத பட்டைகளை இட்டுச் செய்யும் சிகரெட்டை, வடிதாள் அடுக்கின் மேல் கிடத்தி எரியவிட்டுச் சோதிப்பார்கள். நாற்பதில் கால்பங்குக்கு மேல் கடைசிவரை எரியக் கூடாது என்பது 2004-இல் நியூயார்க் மாநிலம் கொண்டுவந்த விதி. அங்கே உதடும் இல்லை, நுரையீரலும் இல்லை. அளக்க வேண்டியதையே அளக்கிறார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒரு புதிய பொருளைப் பற்றி '90 சதவீதம் குறைவு' போன்ற வாசகத்தைப் பார்த்தால், எந்த இழுப்பு முறை, எந்த வகுப்பான், எந்த ஒப்பீட்டுச் சிகரெட் என்ற மூன்றையும் முதலில் தேடுங்கள். பிறகு, மனிதர்களைப் பழைய சிகரெட்டிலிருந்து புதியதற்கு மாற்றி, சிறுநீரில் புகையிலை நைட்ரோசமின்கள் என்ற புற்றுநோய்க் காரணிகளின் எச்சத்தையும் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடையும் அளந்த ஆய்வு இருக்கிறதா என்று பாருங்கள். உடல் தன் போக்கில் ஈடுசெய்துகொள்வது அதில் மட்டுமே பதிவாகும். அத்தகைய நல்ல ஆய்வுகளில் புகைப்பதை முற்றிலும் நிறுத்திய குழு ஒன்றும் சேர்க்கப்பட்டிருக்கும். நான் ஆய்வின் வரைபடத்தில் புதிய பொருளின் கோட்டைப் பழைய சிகரெட்டின் கோட்டோடு ஒப்பிடுவதற்கு முன், இந்தக் குழுவின் கோட்டிலிருந்து அது எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்பதைத்தான் பார்ப்பேன்.