எறும்புப் பக்கம் எங்கே?

கேள்வி: பத்து வயது மகனையும் ஏழு வயது மகளையும் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். இரண்டு வருடமாகிறது. நாள் முழுக்கப் போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டே இருப்பது பிடிக்காமல்தான் நிறுத்தினோம். பாடத்தை ஆசையாகக் கேட்கிறார்கள். நோட்டை எடுத்தால் மட்டும் மகன் முகம் தொங்கிவிடுகிறது. கலர் பேனா, ஸ்டிக்கர், கெட்டி அட்டை நோட்டு எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டேன். போன வாரம் எறும்புப் புற்றைப் பற்றி எழுதினான். ஒரே அடித்தல் திருத்தல். கிழித்துவிட்டு வேறு தாளில் எழுத வைத்தேன், மாமியார் வந்தால் காட்ட வேண்டுமே. நோட்டு எழுதுவதில் இவர்களுக்கு ஆசை வர என்ன செய்வது?
– ஒரு தாய், உடுமலைப்பேட்டை

பதில்: ஸ்டிக்கரை விடுங்கள். அந்த எறும்புப் பக்கம் இப்போது எங்கே?

குப்பைக்கூடையில்தானே? அதில் பிள்ளை என்ன எழுதியிருந்தான் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அடித்தல் திருத்தல்தான் கண்ணில் பட்டிருக்கிறது. புற்றருகே குந்தியிருந்து பார்த்துவிட்டு வந்து எழுதுகிறவனுக்கு நினைப்பு ஓடுகிற வேகத்தில் கை ஓடாது, அடிக்கத்தான் செய்வான். முதல் தாளை எறும்பைப் பார்த்து எழுதினான். இரண்டாவது தாளை முதல் தாளைப் பார்த்து எழுதினான். போர்டு வேண்டாமென்று பள்ளியை விட்டவர், வீட்டுக்குள் ஒரு போர்டை மாட்டிவிட்டீர்களே அம்மா!

பறவையியலாளர் சாலிம் அலி, உங்கள் மகன் வயதில், 1906-07 வாக்கில், பம்பாயில் ஒரு குறிப்பு எழுதினார். லாயத்துச் சுவர் ஓட்டையில் ஒரு சிட்டுக்குருவிக் கூடு. வெளியே காவலிருந்த ஆண் குருவியைச் சுட்டதும் பெண் குருவி இன்னோர் ஆணைச் சேர்த்துக்கொண்டது. ஏழு நாளில் எட்டு ஆண் குருவிகள். (கொடுமைதான், அந்தக் காலத்துப் பையன்.) வயதான பிறகு தன் வாழ்க்கை வரலாற்றில் அந்தக் குறிப்பைப் பெருமையோடு எடுத்துப் போட்டார். அந்தத் தாளை யாராவது கிழித்திருந்தால்?

மாமியாரிடம் வருகிறேன். பேரன் படிப்பு என்னாகுமோ என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்களும் உங்கள் கணவரும். அந்த வேலையைப் பத்து வயதுப் பையனின் நோட்டுமேல் ஏற்றியிருக்கிறீர்கள். உட்கார வைத்துப் பேசுங்கள்: 14 வயது நிறைந்தால், பள்ளிக்குப் போகாமலே படிக்க வழி செய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி (என்ஐஓஎஸ்) மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம், எங்கள் எண்ணம் இன்னது என்று. எண்ணமே இல்லையென்றால் முதலில் அதற்கு ஒரு வழி பாருங்கள். பிறகு அடித்தல் திருத்தலோடு நோட்டை அவர் கையில் கொடுங்கள். முட்டையைத் தூக்கிக்கொண்டு எறும்பு மேடேறினால் மழை என்பார். பேரன் அதை எழுதிக்கொள்ளட்டும். நான் பார்த்தவரை பாட்டிமார் கையெழுத்தைப் பார்ப்பதில்லை, தன் பேச்சு நோட்டில் ஏறியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

கெட்டி அட்டை நோட்டை மூடிவையுங்கள். அவ்வளவு அழகான நோட்டில் பேனா வைக்கவே எனக்குப் பயம். பழைய நோட்டுகளில் மிஞ்சிய தாள்களைச் சேர்த்துக் கோணி ஊசியால் தைத்துக் கொடுங்கள். ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் வெள்ளையாகக் கடையில் கிடைக்கும் நோட்டும் தேவலை; சொல்ல வராததை வரைந்துவிடலாம். தேதி போடுவதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ர, ற குழப்பத்தை மறுநாள் சிலேட்டில் தனியாகத் திருத்துங்கள், அந்தப் பக்கத்தில் சிவப்பு மை படக் கூடாது. சின்னவள் வரையட்டும், அவள் சொல்வதை அடியில் நீங்கள் எழுதுங்கள். ‘கட்டெறும்பு கோவிச்சுக்கிச்சு’ என்றால் அப்படியே.

மகனிடம், “நான் கிழித்தது தப்பு” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பெற்றவள் சொன்னால் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது. அப்புறம் அவனோடு போய்ப் புற்றருகே உட்காருங்கள். நோட்டை எடுத்துப் போக வேண்டாம். அவனாகப் பேனா கேட்டால் ஓடிப்போய் எடுத்து வந்து கொடுங்கள். கேட்காவிட்டால் எறும்பைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.