பதில்: நாண்டக்கெட்டில் தெருவைக் கைவிட டவுனா, கவுன்ட்டியா?

உங்கள் வீட்டை ஒட்டிய, யாரும் நடக்காத தெருத்துண்டை எந்த அலுவலகம் கைவிட வேண்டும், அதாவது அது இனி பொதுச்சாலை அல்ல என்று முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள நாண்டக்கெட் தீவில் டவுனுக்கும் (ஊராட்சி) கவுன்ட்டிக்கும் (மாவட்டம் போன்ற அமைப்பு) ஒரே எல்லை. டவுனை நிர்வகிக்கும் 5 பேர் கொண்ட செலக்ட் போர்டுதான் கவுன்ட்டி கமிஷனர்களும். ஆட்கள் ஒன்றானாலும் சட்டப்படி அதிகாரம் இரண்டு. பலர் இடறுவது இங்கேதான்.

முதலில் பத்திரப் பதிவகத்தில் அந்தத் தெருவை வகுத்த பழைய ஆணையைத் தேடுங்கள். கவுன்ட்டி சாலை என்றிருந்தால் மனு கமிஷனர்களுக்கு. டவுன் சாலை என்றால் ஊர் வாக்காளர்கள் கூடி முடிவெடுக்கும் டவுன் மீட்டிங்கில் வாக்கெடுப்பு வேண்டும். போர்டு மட்டும் முடிவு செய்ய முடியாது.

ஆண்டு டவுன் மீட்டிங்கின் நிகழ்ச்சி நிரலில் உங்கள் தீர்மானம் ஏற, பதிவு பெற்ற வாக்காளர்கள் 10 பேரின் கையெழுத்து போதும். சிறப்புக் கூட்டம் என்றால் 100. ஆனால் 10 தேவை என்றால் 20 வாங்குங்கள். வாக்காளர் பட்டியலில் இல்லாதவர், முகவரி மாறியவர், படிக்க முடியாத கையெழுத்து எல்லாம் கழிந்துவிடும். நிரல் மூடும் தேதியை டவுன் கிளார்க்கிடம் (ஊரின் பதிவேடுகளைப் பார்ப்பவர்) இப்போதே கேளுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் அடுத்த ஆண்டுக் கூட்டம்தான்.

வீடு இருப்பதால் மட்டும் வாக்குரிமை கிடைக்காது. கோடையில் மட்டும் வருபவரானால், ஆண்டு முழுக்க அங்கேயே வாழும் அண்டை வீட்டாரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: கைவிட்டால் பொதுமக்களின் வழியுரிமைதான் போகும். அண்டை நிலத்தாரின் தனி வழியுரிமை நிலைத்திருக்கலாம். வேலி போடுமுன் வழக்கறிஞரிடம் பத்திரத்தைக் காட்டிவிடுங்கள்.