'நீ' என்பதும் 'நீங்கள்' என்பதும்

அன்புள்ள ஐயா,

பத்துக் கட்டளைகள் எனக்கே சொல்லப்பட்டவை என்றுதான் சின்ன வயதிலிருந்து நினைத்து வந்தேன். யூதர்களுக்கு அவை ஒரு ஜனத்தின் சட்டம், தனிமனித ஒழுக்கம் அல்ல என்று அண்மையில் ஒரு கட்டுரையில் படித்தேன். அப்படியானால் தனிமனிதனுக்கு அங்கே என்ன இடம்?

எஸ்., நாகர்கோவில்

அன்புள்ள எஸ்.,

உங்கள் தமிழ் வேதாகமத்திலேயே இதற்கு ஒரு பிடி இருக்கிறது. கர்த்தரிடம் அன்புகூரச் சொல்லும் கட்டளை உபாகமம் 6-ஆம் அதிகாரத்தில் 'நீ' என்று வருகிறது. 11-ஆம் அதிகாரத்தில் 'நீங்கள்' என்று. எபிரேயத்திலும் அப்படியே. யூதர்கள் காலையும் மாலையும் சொல்லும் ஷெமா என்ற ஜெபத்தில் இந்த இரண்டு பகுதிகளும் அடுத்தடுத்து வருகின்றன. 'நீங்கள்' வரும் இடத்தில்தான் பருவமழை பற்றிய வாக்குறுதி இருக்கிறது. மழை ஒருவன் வயலில் மட்டும் பெய்வதில்லையே. ஆனால் அதே வசனத்தில், மழை பெய்தபின் தானியத்தைச் சேர்ப்பவன் மறுபடியும் 'நீ' ஆகிவிடுகிறான்!

நீங்கள் படித்த கட்டுரையில் உண்மை இல்லாமல் இல்லை. யூத ரபிகளின் (மத குருமார்களின்) சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதின் கணக்கில் கட்டளைகள் 613. ஒரே ஆள் அத்தனையையும் நிறைவேற்ற முடியாது. சில ஆசாரியருக்கு, சில அரசனுக்கு, சில அந்த நாட்டில் நிலம் வைத்திருப்பவருக்கு. எல்லாரும் சேர்ந்தால்தான் 613. விற்ற நிலம் பழைய உரிமையாளருக்கே திரும்பும் 50-ஆம் ஆண்டான யூபிலி, ஜனம் முழுவதும் தன் நாட்டில் குடியிருந்தால்தான் செல்லும் என்று ரபிகள் வகுத்தார்கள். நம் ஜனம் ஜனமாக இருப்பதே தோராவினால்தான், அதாவது மோசேயின் நியாயப்பிரமாணத்தால்தான், என்று 10-ஆம் நூற்றாண்டில் ரபி சாதியா காவோன் எழுதினார்.

சரி, இதையே இன்னும் ஓரடி தள்ளிக்கொண்டு போனால்? இஸ்ரவேல் ஓய்வுநாளைக் காத்ததைவிட ஓய்வுநாள்தான் இஸ்ரவேலைக் காத்தது என்றார் சீயோனிய எழுத்தாளர் அஹத் ஹாஅம். அழகான பேச்சு. ஆனால் இதில் கட்டளை ஜனத்தைக் கட்டிவைக்கும் கயிறாகிவிடுகிறது; கட்டளையிட்டவர் காணாமல் போகிறார். ஜெருசலேமில் வாழ்ந்த 20-ஆம் நூற்றாண்டு யூதச் சிந்தனையாளர் யெஷயாஹு லெய்போவிட்ஸ் இந்தப் போக்கை வாழ்நாள் முழுவதும் எதிர்த்தார். அவருக்குக் கட்டளை என்பது கடவுளுக்குச் செய்யும் ஊழியம், அவ்வளவுதான். தேசத்துக்கு உதவுகிறது என்பதற்காக அதைக் கடைப்பிடித்தால் நீ சேவிப்பது தேசத்தைத்தான், கடவுளை அல்ல. என் மனம் அவர் பக்கமே சாய்கிறது. தேசத்தின் பெயரால் எதையும் நியாயப்படுத்தலாம் என்ற நிலை எவ்வளவு ஆபத்தானது என்பதை அவர் கண்டிருந்தார்.

உங்கள் கேள்விக்கு மிக நேரான பதிலை 13-ஆம் நூற்றாண்டு ரபி நஹ்மனிதேஸிடம்தான் கண்டேன். சீனாய் மலையடியில் ஜனம் மொத்தமும் நிற்கிறது; கட்டளைகளோ ஒருமையில் வருகின்றன. ஏன்? தீர்ப்பு பெரும்பான்மையைப் பார்த்துத்தான் வரும், கூட்டத்தோடு கூட்டமாகத் தானும் தப்பிவிடலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக என்கிறார். அங்கே ஜனம் இருக்கிறது, ஆனால் ஒளிந்துகொள்ளும் இடமாக இல்லை.

அப்புறம் யோம் கிப்பூர் என்ற பாவநிவாரண நாளின் பாவ அறிக்கை. அது முழுக்கப் பன்மை: குற்றம் செய்தோம், துரோகம் செய்தோம், கொள்ளையடித்தோம். வாழ்நாளில் பிறர் பொருளைத் தொடாத ஒரு கிழவரும் அன்று எழுந்து நின்று 'கொள்ளையடித்தோம்' என்கிறார். ஒவ்வொரு சொல்லுக்கும் தன் மார்பில் தானே தட்டிக்கொள்கிறார்.