சுவருக்குத் தேதி உண்டு, கேன்வாஸுக்கு இல்லையா?

கேள்வி: ஓவியக் கல்லூரியில் பெயின்டிங் நான்காம் ஆண்டு படிக்கிறேன். கடைசி ஆறு மாதத்துக்கு வகுப்பு கிடையாது. தலைப்பை நாங்களே எடுத்து, ஸ்டுடியோவில் நாங்களே வேலை செய்து, முடிவில் காட்சிக்கு வைக்க வேண்டும். ‘நகரத்தில் மனிதனின் தனிமை’ என்று தலைப்பு கொடுத்தேன். மூன்று மாதம் போய்விட்டது. நாலடிக்கு ஆறடி கேன்வாஸ் ஒன்று பாதியில் நிற்கிறது. சனி, ஞாயிறில் நர்சரி பள்ளிச் சுவர்களில் யானை, முயல் வரைந்துதான் என் கைச்செலவைப் பார்த்துக்கொள்கிறேன். அதனால் என் கலை கெட்டுப்போகிறதோ என்று பயம். ‘படிச்சு முடிச்சு என்ன வேலைக்குப் போவே?’ என்று அப்பா கேட்கிறார். இந்த புராஜெக்ட்டால் எனக்கு என்ன பயன், அக்கா?
– பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

பதில்: தம்பி, முதலில் அந்த யானை, முயலைப் பற்றிப் பேசிவிடுவோம். உங்கள் கடிதத்தில் உருப்படியாக முடிந்திருப்பது அது ஒன்றுதான்.

சுவர் வேலை வந்தால் என்ன செய்வீர்கள்? போய் டேப் பிடித்து அளப்பீர்கள், பட்டி பார்த்த சுவரா வெறும் சுண்ணாம்பா என்று தடவிப் பார்ப்பீர்கள், எமல்ஷன் எத்தனை லிட்டர், அதில் நிறத்துக்குக் கலக்கும் ஸ்டெய்னர் எத்தனை, சாரம் வேண்டுமா என்று கணக்குப் போட்டு, சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லி அட்வான்ஸ் வாங்குவீர்கள், கூட வருகிற பையன் ஏமாற்றினாலும் பள்ளி திறப்பதற்குள் முடித்தும் கொடுத்துவிடுவீர்கள். சரி, உங்கள் சொந்தப் படத்துக்கு இதில் எதையாவது செய்தீர்களா? தேதி இல்லை, அளவு ஏன் நாலடிக்கு ஆறடி என்பதற்குக் காரணம் இல்லை (பெரிதாக இருந்தால் ‘சீரியஸ்’ என்று நினைத்திருப்பீர்கள், நாங்களும் நினைத்தோம்). அடுத்தவன் சுவருக்குக் காட்டுகிற கண்டிப்பை உங்கள் கேன்வாஸுக்கும் காட்டுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், மீதி எல்லாம் அதன் விவரம்.

‘நகரத்தில் மனிதனின் தனிமை’ கவியரங்கத் தலைப்பு. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ‘எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் கடைசி பஸ்ஸுக்கு நிற்பவர்கள், பேப்பரில் அக்ரிலிக், ஒரு அடிக்கு ஒன்றரை அடி, இருபது படம், பத்து வாரம்’ என்று எழுதிப் பாருங்கள், உடனே கை பரபரக்கும். எட்டாவது படத்தில் இது சரிவரவில்லை என்று தெரிந்தால் மாற்றுங்கள், தப்பில்லை. எதனால் சரிவரவில்லை என்று அப்போது உங்களுக்குச் சொல்லத் தெரியும். பாதி கேன்வாஸ் எதையும் சொல்லித்தராது.

நான் இதே இடத்தில் நின்றவள். பத்து மாதம் பெரிய தலைப்பு ஒன்றை யோசித்துக்கொண்டே இருந்துவிட்டு, கடைசி ஒன்பது நாளில் ஆயில் கலரில் மூன்று கேன்வாஸ் போட்டேன். ஆயில் அதற்குள் எங்கே காய்வது? செய்தித்தாளில் சுற்றி பஸ்ஸில் எடுத்துப்போய்ப் பிரித்தால், நான் வரைந்த வானத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் தலைகீழாகப் பதிந்திருந்தது. சேதாரம் எத்தனை சதவீதம் என்றுகூடப் படிக்க முடிந்தது.

சுவர் வேலையால் கலை கெடும் என்ற பயத்துக்கு வருகிறேன். ஈ.சி.ஆர். பக்கம் போனால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். 1966-ல் அதைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர் அப்போது சென்னை ஓவியக் கல்லூரி முதல்வர். படித்து வெளியே வருகிற பிள்ளைகள் வயிற்றுப்பாட்டுக்காக வரைவதையே விட்டுவிடுகிறார்களே என்பதுதான் அவர் கவலை. அவரோடு சேர்ந்த ஓவியர்கள் பாத்திக் துணியும் (மெழுகு பூசிச் சாயம் ஏற்றுவது) கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள், அந்தப் பணம்தான் நிலமாக மாறியது, மீதி நேரத்தில் அவரவர் ஓவியத்தையும் சிற்பத்தையும் செய்தார்கள். பாத்திக் செய்ததால் அவர்கள் கலை கெட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. உங்கள் யானையும் பாத்திக் மாதிரிதான், வாரத்தில் ஐந்து நாளை உங்களுக்கு வாங்கித்தருகிறது.

கல்லூரி முடிந்த மறுநாள் உங்களுக்கு ஸ்டுடியோ இருக்காது, படத்தை நிறுத்தி வரைகிற ஈசல் ஸ்டாண்ட் இருக்காது, ‘என்னப்பா, எவ்வளவு ஆச்சு?’ என்று கேட்க சாரும் இருக்கமாட்டார். என் வகுப்பில் கெட்டிக்காரர்களாக இருந்த சிலர் நின்றுபோனது அங்கேதான். இந்த ஆறு மாதம் அந்த நாளுக்கான ஒத்திகை. ஆகவே ஒரு நோட்டுப் போடுங்கள்: எத்தனை மணி நேரம், பேப்பர், கலர், ஃப்ரேம் செலவு எவ்வளவு. பிறகு யாராவது ‘என்ன விலை?’ என்று கேட்டால் தலையைச் சொறிய வேண்டாம். கேலரிகள் பொதுவாக மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை எடுத்துக்கொள்ளும், அதையும் மனதில் வைத்து விலை போடுங்கள், படத்தைக் கொடுக்கும்போது பெயர், அளவு, விலை, திரும்பத் தரும் தேதி எழுதிய தாளில் கையெழுத்து வாங்குங்கள். நான் வாங்காமல் விட்ட இரண்டு படங்கள் இன்றைக்கு எங்கே தொங்குகின்றனவோ!

முடிந்த படங்களை போட்டோ எடுப்பதில் அலட்சியம் வேண்டாம், போட்டிக்கோ உதவித்தொகைக்கோ தேர்வுக் குழு முதலில் பார்ப்பது போட்டோவைத்தான். ஃபிளாஷ் போடாமல், மொட்டைமாடியில் நேர் வெயில் படாத நிழலில், கேமரா படத்தின் நடுவுக்கு நேராக, நாலு ஓரமும் கோணாமல் எடுங்கள். கீழே தலைப்பு, மீடியம், உயரம், அகலம், ஆண்டு. அனிமேஷன் கம்பெனியோ சினிமா ஆர்ட் டிபார்ட்மென்ட்டோ, கேட்கப்போவது போர்ட்ஃபோலியோவைத்தான், அதாவது உங்கள் படங்களின் தொகுப்பை, அதில் பத்துப் பேர் வரைந்த பத்துப் பழக்கூடை, பூஜாடிப் படங்களுக்கு நடுவே ஒரே விஷயத்தை விடாமல் பிடித்து இருபது படம் போட்டவன் தனியாகத் தெரிவான்.

இடத்துக்கு என்ன செய்வது என்றால், சென்னை கிரீம்ஸ் சாலையில் மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாடமியின் மண்டல மையம் இருக்கிறது, பெயின்டிங், சிற்பம், செராமிக், கிராஃபிக்ஸ் (அச்சு ஓவியம்) எல்லாவற்றுக்கும் அங்கே பொது ஸ்டுடியோ உண்டு. இப்போதே ஒருமுறை போய் விசாரித்து வையுங்கள். கொச்சி பியனாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியோடு 2014 முதல் நடக்கிற மாணவர் பியனாலேவையும் கவனியுங்கள். அப்புறம் அப்பா. அவரிடம் ‘தனிமை’யை விளக்கப் போகாதீர்கள், அந்த நோட்டைக் காட்டுங்கள். வரவு செலவு எழுதுகிற பிள்ளையைப் பார்த்தால் பாதிக் கேள்வி அடங்கும்.

இன்னொன்று. சுவருக்குச் சதுர அடிக்கு என்ன வாங்குகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாதவர்கள் பெரும்பாலும் குறைவாகத்தான் வாங்குவார்கள். அடுத்த பள்ளிக்குக் கொஞ்சம் ஏற்றிச் சொல்லிப் பாருங்கள்.