மீன் குழம்பை நம்பி வேலையை விடலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். வயது 31. தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. சமையல் என்றால் உயிர். என் மீன் குழம்பைச் சாப்பிட்டவர்கள் எல்லாம் 'கடை போடு' என்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக் கடை தொடங்கலாமா?

பதில்: இப்போதைக்கு விடாதீர்கள். பாராட்டியவர்களில் எத்தனை பேர் காசு கொடுத்துச் சாப்பிட்டார்கள்? விருந்தாளி குறை சொல்ல மாட்டார். காசு கொடுத்தவரும் சொல்ல மாட்டார். மறுபடி வர மாட்டார், அவ்வளவுதான்.

எட்டு ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்து 30 சாப்பாடு போட்டுப் பாருங்கள். விடியற்காலை காசிமேட்டில் மீன் எடுப்பதிலிருந்து பாத்திரம் தேய்ப்பது வரை நீங்களே செய்ய வேண்டும். வீட்டு அளவை அப்படியே பெருக்கினால் குழம்பு சொதப்பும். சின்னச் சட்டியில் வற்றுகிற கணக்கில் பெரிய தேக்சாவில் தண்ணீர் வற்றாது. புளித்தண்ணீரைக் குறைத்துத்தான் ஊற்ற வேண்டும். அடுப்பை அணைத்த பிறகும் சூடு லேசில் இறங்காது, மீன் குழைந்துவிடும். குழம்பைத் தனியாகக் கொதிக்க வைத்துக்கொண்டு, மீனை ஈடு ஈடாகப் போட்டு எடுங்கள்.

கணக்கு உங்கள் கைவசம் இருப்பது பெரிய பலம். மீனைச் சுத்தம் செய்த பிறகு மறுபடி நிறுத்துப் பாருங்கள். கிலோ 400 ரூபாய்க்கு வாங்கியது 650 கிராம் தேறினால், உங்களுக்கு அடக்கவிலை கிலோ 615 ரூபாய். கேஸ், டப்பா, அப்புறம் உங்கள் கூலி. கூலியை எழுத மறந்துவிட்டு 'லாபம்' என்று சந்தோஷப்படுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, விலை ஏறும். புரட்டாசியில் பலர் கவுச்சியைத் தொட மாட்டார்கள். ஆக மூன்று மாதம் தாக்குப்பிடிக்க என்ன விற்பீர்கள்? கருவாட்டுத் தொக்கா, வத்தக்குழம்பா? இப்போதே செய்து பழகுங்கள்.

வீட்டில் சமைத்து விற்றாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ எனும் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும், ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். 14.2 கிலோ வீட்டு சிலிண்டரில் வியாபாரம் செய்யக் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான். கேட்டரிங் பட்டம் நட்சத்திர ஹோட்டல் வேலைக்கு உதவும். உங்கள் கடைக்கு அவசியமில்லை.

எட்டாவது ஞாயிறு முடிந்ததும் வரவு செலவு நோட்டோடு எழுதுங்கள். கடை வாடகையைப் பற்றி அப்புறம் பேசலாம்.